நீல விசிறிக்கு ஈடு

ஜனவரி 9

என் ஆசைத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம். அதைச் சொல்லாமல் மற்றதைத் தொடங்கினால் எனக்குப் பேனா ஓடாது. பெரிய பேத்திக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்ட உரிமம் கிடைத்துவிட்டது. பரீட்சை வைத்த அதிகாரி, "அவ்வளவு உசரத்துல பயமா இல்லையாம்மா?" என்று கேட்டாராம். "கீழே நிக்கிற உங்களுக்குத்தான் சார் பயமா இருக்கணும்" என்றாளாம். என் ரத்தம் வேறெப்படிப் பேசும்? அவள் தம்பி மல்லாந்து நீந்துவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல். குப்புற நீந்தினால் கடைசி என்கிறார்கள். அதை யார் கேட்டது? சின்னவன் வீட்டு இரட்டையில் ஒருத்தி வயலின் பரீட்சையில் தேறிவிட்டாள். அதை வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்ததில் இன்னொருத்தி பொறுமையில் தேறிவிட்டாள். கடைக்குட்டி இந்த வருஷம் ஐந்தாவது முடிக்கிறாள். என் படிப்பு நின்ற இடம் அதுதான். "பாட்டி, ஆறாவது போயிட்டேன்னா நான் உங்களுக்கு சீனியர்" என்று இப்போதே மிரட்டுகிறாள். மிரட்டட்டும்.

இனி எழுதுவதை உன் வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. வாயில் புகை ஓயாத புகைவண்டியாரே, நின்றுபோன பைப் புகையிலைகளுக்குப் பதிலாக வந்திருக்கிறதெல்லாம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். என் கடையில் வைத்து ஒவ்வொன்றாகக் கொளுத்தி, இரண்டு இழுப்பு இழுத்து, வாய் கொப்பளித்து, அடுத்ததை எடுத்தேன். ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதைக் கடை அல்லவா, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பேரன் பேத்தி எடுத்தவள் வாயில் பைப்பா என்று ஒருவர் நின்றே பார்த்தார். "உங்களுக்கும் ஒண்ணு பத்த வைக்கட்டுமா?" என்றேன். ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மூணு சாவி: பழையதில் முதலில் உலர்ந்த திராட்சையின் இனிப்பு வரும், நடுவில் புகை கனக்கும், அடிக்கு வரும்போது மிளகுபோல ஒரு காரம் மூக்கில் ஏறும். புதியதில் இனிப்பு இருக்கிறது, கனமும் இருக்கிறது, காரம் இல்லை. மொத்தத்தில் இரண்டு சாவிதான். மூன்றாவதைத் தொலைத்துவிட்டார்கள்.

ராத்தபால்: அதை நிறுத்திவிட்டு வெள்ளித்தேர் என்று ஒன்று விடுகிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன், இது பழையதைவிடத் தேவலை. பழைய ராத்தபால் பாதியில் அணைந்து அணைந்து உயிரை வாங்கும். இது கடைசித் துணுக்குவரை எரிகிறது. பழசு என்பதற்காக எதையும் நான் கும்பிடமாட்டேன்.

இப்போது உங்கள் நீல விசிறி. டப்பா அதேதான், மூடியில் விசிறி பிடித்த கையும் அதேதான். திறந்தால் பிஸ்கட் கடை வாசம். புகையில் வாட்டிய கறுப்பு இலையை எடுத்துவிட்டு ஏதோ எசன்ஸைத் தெளித்திருக்கிறார்கள். ஈரம் காயவில்லை. நாக்கைக் கடிக்கிறது. இந்த லட்சணத்தில் டப்பாவின்மேல் 'அதே சுவை' என்று தங்க எழுத்து வேறு. என் கடையில் இருக்கிற டப்பாக்களில் 'அதே' என்ற சொல்லின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டேன். கம்பெனி ஆள் வந்து, "என்னம்மா இது?" என்றான். "சுவைன்னு போட்டுக்க. அதேன்னு போடாதே. என் கண்ணு முன்னாடி வேணாம்" என்றேன்.

விட்டேனா பார். இலைகளைத் தனித்தனியாக வரவழைத்து, நானே கலந்து, ஆவி காட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கடையில் கிடக்கிற எடைக்கல்லை எல்லாம் மேலே ஏற்றியிருக்கிறேன். பார்ப்போம்.

நீ ஏனடி வெங்காயத்தோல் மாதிரித் தாளில் எழுதுகிறாய்? முன்பக்கத்தைப் படித்தால் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறது.

அன்பு மாறாத,
உன் அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிரேன்காரிக்கு என் முத்தம். மல்லாந்து நீந்துகிறவனுக்கு அவன் சின்னப் பாட்டி கைதட்டினாள் என்று சொல்லு.

உன் கடிதம் வந்தாலே இவருக்குத் திருவிழாதான். உறையை என்னிடமிருந்து பிடுங்கி முதலில் மோந்து பார்க்கிறார். "மூக்கம்மா இன்னிக்கு மூணு சாவி எடை போட்டிருக்காங்க" என்று உறையிலிருந்தே பாதிச் செய்தி படித்துவிடுகிறார். மீதியை நான் படிக்க வேண்டும். கண்ணாடி இருக்கிறது, கண்ணும் இருக்கிறது. ஆனாலும் நான் படித்தால்தான் உன் குரல் வருகிறதாம். 'இரண்டு சாவிதான்' என்ற இடத்தில் சிரித்தார், அந்தச் சிரிப்பே இருமலாகி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

நீல விசிறியில் கடைசி டப்பா திறந்தாகிவிட்டது. எல்லாரிடமும் ஒரு சபதம் சொல்லிக்கொண்டு திரிகிறார். "இது தீர்றதுக்குள்ள இதுக்கு ஈடா ஒண்ணு கிடைச்சா பிடிப்பேன். கிடைக்கலேன்னா பைப்பைக் கீழே வச்சிடுவேன். மட்டமானதை மட்டும் வாயில வைக்க மாட்டேன். ஈடா இல்லையான்னு சொல்ல வேண்டியது மூக்கம்மா. வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன்."

அக்கா, இதற்குக் கீழே இருப்பது அவருக்குத் தெரியாமல் எழுதுவது.

போன வாரம் மருத்துவரிடம் போனோம். இவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது என்னை மட்டும் வெளியே அழைத்தார். நுரையீரலில் பாதி வேலை செய்யவில்லையாம். போனது போனதுதான், திரும்ப வராது. இன்றே புகையை நிறுத்தினால் இருக்கிற பாதியை வைத்து நன்றாகவே காலம் தள்ளலாம், நிறுத்தாவிட்டால் அதுவும் போய்விடும் என்றார். இவரிடம் நான் "பனியில வந்த சளி" என்று சொல்லி அழைத்து வந்துவிட்டேன். அவர் அப்பா போன விதம் உனக்குத் தெரியும். 'நுரையீரல்' என்ற சொல்லைக் கேட்டாலே இவர் உடைந்துபோவார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த கடிதத்தில், "நீல விசிறிக்கு ஈடு கிடையாது, நானும் செய்து பார்த்தேன், வரவில்லை" என்று எழுதிவிடு. ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படித்தால் பைப்பைக் கீழே வைத்துவிடுவார். யாருக்கும் நஷ்டம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் கூடத்துப் போனை அவர்தான் எடுக்கிறார்.

உன்னிடம் இதுவரை நான் எதையும் இப்படிக் கேட்டதில்லை.

உன் தங்கச்சி


பிப்ரவரி 11

என் தங்கச்சிக்கு,

இந்த முதல் தாளை மட்டும் அவருக்குப் படி.

எல்லாரும் சுகம். சுரங்கப்பாதையில் தண்ணீர் ஒழுகுகிறது, என் கடைக்கும் பக்கத்தில் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவில் வாளி வைத்திருக்கிறோம். யார் ஊற்றுவது என்று எனக்கும் சாவிக்கடைக்காரருக்கும் தினமும் சண்டை. கிரேன்காரி முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு காற்றாடி வாங்கிக் கொடுத்தாள். மேஜையில் வைப்பது. போட்டால் எடைத்தட்டு ஆடுகிறது, நிறுத்தினால் அவள் முகம் வாடுகிறது. வாடிக்கையாளர் வரும்போது நிறுத்தி, அவள் வரும்போது போட்டுக்கொள்கிறேன். புகைவண்டியாரே, சளிக்கு வெந்நீர் குடியுங்கள்.

(இது இரண்டாவது தாள். உனக்கு.)

மாட்டேன்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதமாட்டேன். ஏன் என்று கேட்டால், முந்தாநாள் எடைக்கல்லை எல்லாம் இறக்கிப் பலகையைத் தூக்கினேன். கறுத்து, இறுகி, ஓரத்தில் லேசாகப் பளபளத்துக்கொண்டு இருந்தது. ஒரு துண்டை உதிர்த்துப் போட்டுக் கொளுத்தினேன். முதல் இழுப்பிலேயே பைப்பை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வராமல், நான் பத்திரப்படுத்தியிருந்த பழைய நீல விசிறிச் சிட்டிகையை ஒரு பைப்பிலும் இதை ஒரு பைப்பிலும் நிரப்பி, சாவிக்கடைக்காரரைக் கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்தேன். மாற்றி மாற்றி இழுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே, எதுக்கு என் நேரத்தைக் கெடுக்கிற?" என்றார்.

அது வந்துவிட்டதடி. பெரிய கம்பெனியால் ஆகாதது இந்த ஒழுகுகிற கடையில் எடைக்கல்லுக்குக் கீழே வந்துவிட்டது. அதைப் போய் வரவில்லை என்று எழுதச் சொல்கிறாய்.

என் பெருமைக்காக மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. பெருமையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் வீட்டுக்காரர் நரைத்த மீசையுள்ள மனிதர். நாற்பது மாடிக் கட்டடங்களில் லிப்டைத் தன் கையால் மாட்டிவிட்டு, முதல் ஆளாகத் தானே அதில் ஏறிப் போனவர். அவரைப் போய், மருந்தைச் சர்க்கரையில் மறைத்துக் கொடுக்கிற பிள்ளை மாதிரி வைக்கிறாயே. அவர் உலகத்தில் நம்புவது இரண்டே பேரை. படிப்பதற்கு உன் வாய், முகர்வதற்கு என் மூக்கு. இரண்டுமே பொய் சொன்னால் மனிதர் எங்கே போவார்?

நீ நுரையீரலைப் பற்றிச் சொல்லு, நான் இலையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டையும் கேட்டுவிட்டு அவரே முடிவு செய்யட்டும். நீ சொல்லும்வரை நானும் வாய் திறக்கமாட்டேன். கிடைத்தது என்றும் எழுதமாட்டேன், கிடைக்கவில்லை என்றும் எழுதமாட்டேன். அதற்குமேல் என்னை வளைக்கப் பார்க்காதே.

அவர் உடைந்துபோவார் என்கிறாய். உடைந்தால் நீ பக்கத்தில் இருக்கிறாய், வேறென்ன வேண்டும்?

உன் அக்கா


பிப்ரவரி 26

அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். சந்தோஷமாக இரு.

தபால்காரர் உறையைக் கொடுத்தார். இவர் வழக்கம்போல் பிடுங்கி மோந்தார். திரும்ப மோந்தார். உறையின் ஒட்டைப் பிரித்து உள்ளே மூக்கை விட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டு, "அடியே, வந்திடுச்சு" என்றார்.

"என்ன வந்துச்சு?"

"நீல விசிறி! மூக்கம்மா பிடிச்சிட்டாங்க!"

பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார் அக்கா. நான் முதல் தாளைப் படித்தேன். வாளி, காற்றாடி, வெந்நீர். முடித்தேன். என்னையே பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"உங்கக்கா ஒரு எறும்பைப் பிடிச்சாலே ரெண்டு பக்கம் எழுதுவாங்க. இதைப் பிடிச்சிட்டு எழுதாம இருப்பாங்களா? எங்கே மீதி?"

அவர் கையைத் தட்டிக்கொண்டிருந்தபோதே மீதியை உருவி, நான் நாற்காலி மெத்தைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அதையும் மூக்காலேயே கண்டுபிடித்தார். "எழுந்திரு" என்றார். எழுந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே படித்தார்.

என் புருஷன் தன் நுரையீரலைப் பற்றி உன் கையெழுத்தில் தெரிந்துகொண்டார். நானும் சொல்லவில்லை, மருத்துவரும் சொல்லவில்லை. 'நீ நுரையீரலைப் பற்றிச் சொல்லு' என்று போகிற போக்கில் நீ எழுதிய வரியிலிருந்து தெரிந்துகொண்டார்.

படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கயிறு பாதி அறுந்த லிப்ட்னா ஏறுறவன்கிட்ட சொல்லணும்டி. எங்க வேலையில அதுதான் முதல் சட்டம்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், ஜன்னலோரம் போய் உட்காருகிறார். பைப்பை எடுக்கவும் இல்லை, உள்ளே வைக்கவும் இல்லை. அது மேஜைமேலேயே கிடக்கிறது.

வாய் திறக்கமாட்டேன் என்று எழுதிவிட்டு, தாளை அந்த இலைப் பெட்டியில் வைத்து வாசம் ஏற்றி அனுப்பினாயே. வாயால் சொல்லாமல் சொல்ல உனக்குத் தெரியாதா?

இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 8

தங்கச்சி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உனக்கு எழுதக்கூடாது என்று சொல்ல எனக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும் நீ.

வேண்டுமென்று வாசம் ஏற்றினேன் என்கிறாயே, என் கடை நீ பார்க்காததா? நான் நிற்கவே இடம் கிடையாது. எடைக்கல் இருக்கிற பலகைமேல்தான் எழுதுகிறேன், தாளும் அங்கேதான், உறையும் அங்கேதான். என் தலைமுடியே அந்த வாசம்தான் அடிக்கிறது. சின்னவன் வீட்டுக்குப் போனால் இரட்டைகள் இரண்டும், "பாட்டி வந்தாச்சு" என்று மணி அடிக்கும் முன்னாலேயே கதவைத் திறக்கிறார்கள். அந்த மூக்குக்காரர் உறையிலேயே கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒட்டும் முன் வெயிலில் காயப்போட்டிருப்பேன். ஒளிந்திருந்து சுடுகிறவள் இல்லை நான். மாட்டேன் என்றால் நேருக்கு நேர் மாட்டேன் என்பேன். அப்படித்தான் எழுதியும் இருந்தேன்.

அவருக்குத் தெரிந்ததற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன். அவர் படித்த அந்த நேரத்தில் அந்த அறையில் நீ தனியாக நின்றாயே, அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் இரண்டு திட்டை நானும் வாங்கியிருப்பேன்.

புதிய கலவையை அவர் கேட்காமல் அனுப்பமாட்டேன். கேட்டால் மறைக்கவும் மாட்டேன். நெஞ்சு அவருடையது.

சண்டை போடுவதற்காவது இரண்டு வரி எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 14

தங்கச்சி,

பதில் இல்லை. சரி.

வயலின்காரி நேற்று என் கடை வாசலில் நின்று வாசித்தாள். நான்கு பேர் நின்று கேட்டார்கள், ஒருவர் ரயிலை விட்டுவிட்டார். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சாவிக்கடைக்காரரிடம் சொன்னேன். "நானும் இங்கேதானே இருந்தேன்" என்கிறார். அவரிடம் பெருமை பேசி என்ன பிரயோஜனம்?

தபால்காரர் சுரங்கப்பாதைப் படியில் இறங்கும்போதே உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார். நான் கேட்பதற்குக்கூட இடம் வைப்பதில்லை.

மூச்சு எப்படி இருக்கிறது அவருக்கு? அதை மட்டும் ஒரு அட்டையில் எழுதிப் போடு. உன் பெயர்கூடப் போட வேண்டாம்.

உன் அக்காதான், வேறு யார்


மே 3

அக்காவுக்கு,

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது இருந்துகொண்டே இருக்கட்டும், நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பேசாமல் இருந்தவர் ஒருநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு, "கிளம்பு, டாக்டர்கிட்டப் போகணும்" என்றார். இந்தத் தடவை அவரே உள்ளே போய் உட்கார்ந்து, லிப்டைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். எது தேய்ந்திருக்கிறது, எது தாங்கும், எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று. மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து, "பயமா இருக்குடி" என்றார். கல்யாணமான நாள் முதல் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. "எனக்கும்தான்" என்றேன். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். ஆஸ்பத்திரி வாசல் கூட்டுகிற அம்மா எங்களைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

உறங்கும்போதுகூட நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்தேன் அக்கா, எதையாவது உளறிவிடுவேனோ என்று. இப்போது அது இல்லை. இதை நான் சொன்னேன் என்று நீ தலைமேல் ஏறி ஆடாதே.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட ஒரு குழாய் கொடுத்திருக்கிறார்கள். உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். இவருக்கு ஒன்றுதான் ஏறுகிறது. "ஒண்ணு மேலே போயிடுச்சு, மத்த ரெண்டு லிப்ட் பழுது" என்கிறார்.

இப்போது விஷயம். அந்த உறை வந்த நாள் முதல் அவர் பைப்பைப் பற்றவைக்கவில்லை. பழைய டப்பாவில் ஒரு பைப் அளவு மிச்சம் இருக்கிறது. "மூக்கம்மாவை ஒரே ஒரு பைப் அளவு அனுப்பச் சொல்லு. பழசும் புதுசும் ஒரே நாள்ல பார்த்துட்டு என் தீர்ப்பைச் சொல்றேன். சபதம் சபதம்தான். ஈடுன்னா ஈடு, இல்லேன்னா இல்ல" என்கிறார்.

ஈடு என்றால் தொடர்ந்து பிடிப்பார் என்று அர்த்தம். உனக்கும் தெரியும். அனுப்பாதே என்று உன்னிடம் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. அனுப்பு என்று சொல்லவும் வரவில்லை. அவர் கேட்டதை எழுதிவிட்டேன்.

தங்கச்சி


மே 12

தங்கச்சிக்கு,

இத்துடன் தகர டப்பியில் ஒரு பைப் அளவு இருக்கிறது. ஒரு சிட்டிகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை எடுத்துவைத்தபோது என் கை நின்றது, அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் ஈரமாகவே வைத்துக் கட்டினால் எரியாது, புளிக்கும், அவரே வேண்டாம் என்பார். கை அந்தப் பக்கம் போகத்தான் போனது. இழுத்துக்கொண்டேன். நல்லதைத்தான் அனுப்புகிறேன்.

புகைவண்டியாருக்கு: பழையதை முதலில் பிடியுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், தேநீர் வேண்டாம். பிறகு புதியது. ஜன்னலைத் திறந்துவையுங்கள், தங்கச்சி அடுத்த அறையில் இருக்கட்டும். முதல் இழுப்பில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடுவில் வாட்டிய இலையின் புகை வரும், அடியில் இனிப்புத் திரும்பும். பழையதில் எந்த இடத்தில் திரும்புமோ அதே இடத்தில் திரும்பும். திரும்பாவிட்டால் என்னை மூக்கம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிடுங்கள்.

அது ஈடுதான். நீங்கள் பிடிக்கும் முன்பே சொல்கிறேன், பிடித்த பின்பும் சொல்வேன். பிடிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே பார்த்துக்கொள்.

காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நீ சொன்னபடி நான் அடுத்த அறைக்குப் போனேன். கதவு இடுக்கில் பார்த்தேன், அதை உன்னிடம் மறைக்கவில்லை. பழையதைப் பிடித்தார். இடையிடையே இருமினார், நிறுத்தினார், திரும்பப் பற்றவைத்தார். தண்ணீரில் வாய் கொப்பளித்தார். உன்னுடையதை எடுத்தார்.

முதல் இழுப்பிலேயே கண்ணை மூடிக்கொண்டார். அக்கா, அந்த முகத்தை உனக்கு எப்படி எழுதுவேன்? என் கழுத்தில் தாலி கட்டிய அன்று அவர் முகம் எப்படி இருந்ததோ, ஏறக்குறைய அப்படித்தான். அடிவரை பிடித்தார். கண்ணைத் திறக்கவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் நின்றது. புகையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சாம்பல் ஆறும்வரை பைப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது அது இல்ல" என்றார்.

"இல்லையா?"

"கிட்ட வந்திருக்கு. நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. ஆனா அது இல்ல. அடியில அந்த இனிப்புத் திரும்பல. மூக்கம்மாவுக்கு மூக்கறுந்துபோச்சுன்னு எழுது."

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பைப்பைக் கத்தியால் சுரண்டி, கழுவி, துடைத்து, சபதம் செய்திருந்தபடியே என் கையில் கொடுத்தார். நான் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்பூன்கள் வைக்கிற இழுப்பறையில் போட்டேன். அன்று சாயங்காலம் பந்துக் குழாயை எடுத்து உறிஞ்சினார். ஒரு பந்துதான் ஏறியது. "நாளைக்குப் பார்ப்போம்" என்றார்.

உறையை மோந்தே குதித்தவர் அக்கா. பைப்பில் வைத்துப் பிடித்துவிட்டு அது இல்லை என்கிறார். நான் எதை நம்புவது? கேட்டால் கோபப்படுகிறார். "என் நாக்கு எனக்குத் தெரியாதா?" என்கிறார்.

நீ மனம் நோகக்கூடாது. எத்தனை நாள் உழைத்தாய்.

உன் தங்கச்சி


ஜூன் 10

என் ஆசைத் தங்கச்சிக்கு,

மனம் நோகவா? நானா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் சாவிக்கடைக்காரர் ஒரு சாவியைத் தப்பாக வெட்டிவிட்டார்.

அவரிடம் போய்ச் சொல்லு. இது அதுதான். மூக்கு அறுபடவில்லை, இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அடியில் இனிப்புத் திரும்பவில்லையாமே! திரும்பாமல் எங்கே போகும்? நானே மறுபடி இரண்டு பைப் நிரப்பிப் பார்த்தேன். பழைய டிராம் ஓட்டுநர் ஒருவர், நீல விசிறி தவிர வேறு தொடாதவர், கடைக்கு வந்தார். ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். "எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே இத்தனை நாள்?" என்று கேட்டார். உன் வீட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும் அது இல்லையாம்.

அவர் சொன்னது பச்சைப் பொய். நீ என்னை எழுதச் சொல்லி, நான் மாட்டேன் என்ற அதே பொய், ஒரு எழுத்துக்கூட மாறாமல். நான் சொல்லியிருந்தால் அது அவரை ஏமாற்றுவது. அவர் சொன்னால் அது அவர் வாய், அவர் நெஞ்சு, அவர் பாடு. அதில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். அவர் இருக்கிறவரை அது இல்லை என்று சொல்லட்டும், நான் இருக்கிறவரை அதுதான் என்று சொல்கிறேன். இந்த வழக்கு இரண்டு பேரும் நூறு வயது தாண்டும்வரை நடக்கட்டும். நான் வாய்தா வாங்கமாட்டேன், அவரையும் வாங்கவிடாதே.

கடை வாசலில் அட்டை எழுதி மாட்டிவிட்டேன்: 'நீல விசிறிக்கு ஈடு இங்கே கிடைக்கும்.' கடைக்குட்டிதான் எழுதிக் கொடுத்தாள். ஆறாவது போய்விட்டாள், எனக்கு சீனியர், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கம்பெனி ஆள் படித்துவிட்டு முறைத்தான். நானும் முறைத்தேன். அவன் கண் முதலில் இறங்கியது.

அவருக்கு இனி இலை வாசம் இல்லாத தாளில்தான் எழுதுவேன். இதை வீட்டில், சமையல் மேஜையில் வைத்து எழுதுகிறேன். மோந்து பார்த்தால் சோப்பு வாசம்தான் வரும். ஏமாறட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னிடம் இருக்கிற எல்லாப் படத்திலும் அந்த மனிதர் பைப்பும் வாயுமாகத்தான் நிற்கிறார், பாதி முகம் புகைக்குள். கல்யாணப் படத்தில்கூட அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒரு தோள் கோணி நிற்கிறார். வெறும் வாயோடு எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரியாது. உன்னையும் அவரையும் ஜன்னலோரம் உட்காரவைத்து யாரையாவது எடுக்கச் சொல்லி, புதிதாக ஒரு போட்டோ தபாலில் போடு.

உன் அக்கா